எந்தப் பதவி என்று யாரும் கேட்கவில்லை

பதவி உயர்வு வருகிறது, ஆனால் நவி மும்பைக்குக் குடிபெயர வேண்டும் என்று நான் சொன்னபோது கிடைத்த வாழ்த்துகள் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. "நல்லவேளை, பிள்ளையாவது நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும்" என்றார் எதிர்வீட்டு அக்கா. "ஒருவழியாகத் திருவொற்றியூரை விட்டுக் கிளம்புகிறாய்" என்றாள் கல்லூரித் தோழி. வேளச்சேரியில் இருக்கும் உறவினர் ஒருவர், "அந்தப் பக்கத்திலேயே கிடந்து என்ன ஆகப்போகிறது" என்று சொல்லிவிட்டு, தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனை வைத்தார். என்ன பதவி, எனக்குக் கீழே எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு கூடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜாமீன் கிடைத்தவளுக்குச் சொல்லும் வாழ்த்து அது. சில மாதங்கள் கழித்து, நான் போகவில்லை என்று தெரிந்ததும் அதே வாய்கள் வேறு பாட்டுப் பாடின. குடும்பத்துக்காக எவ்வளவு பெரிய வாய்ப்பை விட்டுக்கொடுத்திருக்கிறாய், இந்தக் காலத்தில் யார் இப்படி இருப்பார்கள் என்றார்கள். போகிறேன் என்றபோது தப்பித்தவள், போகவில்லை என்றபோது தியாகி. நடுவில் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன் என்பதை மட்டும் நம்ப ஆளில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கஸ்டம்ஸ் கிளியரிங் தொழிலில் இருக்கிறேன். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: கண்டெய்னரில் வந்து இறங்கும் சரக்குக்கு ஆவணம் தாக்கல் செய்து, தீர்வை கட்டவைத்து, அதிகாரி கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் எழுதி, சரக்கைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவருவது எங்கள் வேலை. எச் கார்டில் தொடங்கி, தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கினேன். எச் கார்டு இருந்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஜி கார்டு இருந்தால் அந்த ஃபைலில் கையெழுத்துப் போடலாம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இந்தியாவின் முதல் கண்டெய்னர் முனையம் 1983 இல் சென்னையில் வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். மூட்டை தூக்கிய கூட்டம் எப்படிக் கரைந்தது என்று இன்றைக்கும் சொல்வார். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காகிதத்தில் நிரூபிப்பதை அவர் மகள் பிழைப்பாக்கிக்கொண்டாள்.

எங்கள் நிறுவனம் எனக்குக் கொடுக்க முன்வந்தது இறக்குமதிப் பிரிவின் தலைமைப் பொறுப்பு. அலுவலகம் பேலாப்பூரில், துறைமுகம் நவ சேவா. சம்பளத்தில் 30 சதவீத உயர்வு. இதில் முதலிலேயே எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. 2020 ஜூன் மாதம் முகமற்ற மதிப்பீடு என்ற முறையைச் சுங்கத்துறை கொண்டுவந்தது. முதலில் சென்னையிலும் பெங்களூருவிலும், அந்த ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுவதும். அதற்கு முன்னால் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுசில் மாடி மாடியாக ஏறி, எந்த அதிகாரி எந்த மேசையில் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் தொழில்திறமை. இப்போது நான் சென்னையில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதி ஆவணத்தை, திறந்து பார்ப்பவர் டெல்லியில் இருக்கலாம், மும்பையிலும் இருக்கலாம். அவர் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவருக்குத் தேவையில்லை. சரக்கைத் திறந்து பார்ப்பது மட்டும்தான் இன்னும் துறைமுகத்தில் நடக்கிறது. ஆக, என் காகிதம் எழும்பூருக்குக்கூடப் போகாமல் மும்பைக்குப் போய்த் திரும்பிவருகிறது. காகிதத்தை எழுதுகிறவள் மட்டும் கட்டில், பீரோ, பிள்ளையோடு போக வேண்டும் என்கிறார்கள். ஏன் என்று கேட்க எனக்கு ஏன் அவ்வளவு நாள் ஆனது என்றால், கேட்க விடாமல் வாழ்த்திக்கொண்டே இருந்தார்கள்.

முன்னேறியவர்கள் இல்லாத தெரு

எங்கள் தெருவில் முன்னேறியவர்கள் என்று யாரும் இல்லை. முன்னேறினால் எங்கள் தெருவில் இருப்பதில்லை. வங்கியில் மேலாளர் ஆனவர் அண்ணா நகருக்குப் போனார். மருத்துவம் படித்த பெண்ணின் குடும்பம் முகப்பேருக்குப் போனது. மென்பொருள் வேலைக்குப் போன பையன்கள் எல்லாரும் பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாக எங்கேயோ இருக்கிறார்கள். மாசித் திருவிழாவுக்கு வந்து, லாரிப் புழுதியைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். இருப்பவர்கள் எல்லாரும் போக முடியாதவர்கள் என்று ஒரு கணக்கு இதனால் தானாகவே உண்டாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "எண்ணூர் ஹைரோடா?" என்று கேட்டு ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த ஒரு நொடிக்கு எவ்வளவு பவுன் விலை என்று எங்கள் வீடுகளில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பகுதியைப் பற்றிச் சொல்வதில் பொய் அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26 ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. எர்ணாவூரிலிருந்து என் சித்தி குடும்பம் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விடியும்வரை ஒருவரும் படுக்கவில்லை. என் மகளுக்கு மார்கழி வந்தால் மூச்சிரைப்பு வரும். இதையெல்லாம் மறைத்துவிட்டு "எங்கள் வட சென்னை" என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் இல்லை. 2011 இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரத்தின் நடுவில் கருப்புத் தூசு பறக்கிறது என்பது காரணம். நியாயமான உத்தரவுதான். அந்த நிலக்கரி எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். எண்ணூருக்கு வந்தது. நிலக்கரி உட்பட எல்லாருடைய இடமாற்றத்துக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

மாமியார் தன் பங்குக்குச் சுந்தரரை இழுத்தார். ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது "உன்னைப் பிரியேன்" என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்கிறார். சந்நிதியில் சத்தியம் செய்ய நேர்ந்தால் நீங்கள் மரத்துக்குப் போய்விடுங்கள் என்று இறைவனிடம் அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருக்க, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியாருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே இறைவன்தான். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வர, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வை போய்விடுகிறது. "இந்த ஊரை விட்டுப் போனவருக்கு என்ன ஆயிற்று பார்த்தாயா?" என்றார் அத்தை. பாதி விளையாட்டு, பாதி மிரட்டல். ஆனால் அந்தக் கதையில் சுந்தரர் மீறியது ஊருக்குக் கொடுத்த வாக்கை அல்ல, மனைவிக்குக் கொடுத்த வாக்கை. இதை அத்தையிடம் சொன்னேன். "அப்படியானால் நீ கேட்க வேண்டியது உன் புருஷனை" என்றார். அதில் அவர் சொன்னது சரி.

நவ சேவாவில் ஒரு மணலி

நிறுவனம் என்னை ஒருமுறை அங்கே அனுப்பிவைத்தது. வந்து பார்த்தால் மனம் மாறும் என்று நினைத்திருப்பார்கள். நெருளில் வீடுகள் பார்த்தேன். அகலமான சாலை, வரிசையாக மரங்கள், மாலையில் நடக்கும் மனிதர்கள். தமிழ்க் குரல் கேட்காத தெரு இல்லை. இட்லி மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. எதிர்வீட்டு அக்கா சொன்ன நல்ல காற்று அங்கே இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் என் வேலை நெருளில் இல்லை. 2024 ஜனவரியில் உரண் வரை நீட்டிய லோக்கல் ரயிலில் ஏறித் துறைமுகத்துப் பக்கம் போனேன். டிரெய்லர் லாரிகளின் வரிசை, நசுங்கிய தடுப்புக் கம்பிகள், வண்டியின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கும் ஓட்டுநர்கள், டயர் கடை, பஞ்சர் கடை, சேறு. மாதவரம் மணலி சாலையை மராத்திப் பெயர்ப்பலகைகளோடு பார்ப்பதாக இருந்தது. அங்கிருந்த கிளை ஊழியர் ஒருவர், வடக்கே தலோஜா தொழிற்பேட்டையின் புகையைப் பற்றி என்னிடம் குறைபட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. 1984 ஜனவரியில் இந்த உரண் பகுதியில்தான், நவி மும்பைக்காக எடுத்த நிலத்துக்கு நியாயமான விலை கேட்டுப் போராடிய விவசாயிகள் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களும் தங்கள் பிள்ளைகளை வேறு எங்கேயாவது போய் முன்னேறு என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கண்டெய்னர் வந்து இறங்கும் எந்த ஊருக்கும் ஒரு வட சென்னை இருக்கிறது. முந்த்ராவுக்குப் போனாலும் தூத்துக்குடிக்குப் போனாலும் என் தொழில் என்னைக் கொண்டுபோய் விடப்போவது அங்கேதான். ஐ.டி. வேலையில் இருப்பவர் இடம் மாறினால் ஒரு கண்ணாடிக் கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவார். நான் ஒரு லாரி வரிசையிலிருந்து இன்னொரு லாரி வரிசைக்குப் போகிறேன். இதைப் புரிந்துகொண்ட பிறகு, "தப்பிக்கிறாய்" என்ற வாழ்த்து என் மேல் ஒட்டாமல் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது வேலை, சம்பளம், குடும்பம். அதாவது வெறும் கணக்கு.

பாட்டம் சீனியாரிட்டி

என் கணவர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், அதாவது ஐ.சி.எஃப்.பில், டெக்னீஷியன். ரயில்வேயில் இருப்பவர்களுக்கு அடுத்து வரப்போவது தெரியும். சொந்த விருப்பத்தில் வேறு ரயில்வேக்கு மாற்றல் கேட்டால், போகிற இடத்தின் சீனியாரிட்டி பட்டியலில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். எத்தனை ஆண்டு வேலை செய்திருந்தாலும் அதுதான் விதி. பாட்டம் சீனியாரிட்டி என்பார்கள். இன்னொரு வழி மியூச்சுவல். அங்கிருந்து இங்கே வர விரும்பும், அதே டிரேடில், அதே கிரேடில் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து இடம் மாற்றிக்கொள்வது. அதில் இருவரில் யார் ஜூனியரோ அவருடைய சீனியாரிட்டிதான் சீனியருக்கும். வீட்டு வாடகைப் படியிலாவது கூடுமா என்று பார்த்தால், சென்னையும் மும்பையும் ஒரே எக்ஸ் வகை நகரங்கள். ஒரு ரூபாய் கூடாது. என் 30 சதவீதத்தை நெருள் வாடகை சாப்பிட்டுவிடும், என் ஏற்றத்துக்கு அவருடைய இறக்கம் விலை. ஆண் மாற்றலாகிப் போகும்போது மனைவி வேலையை விட்டுவிட்டுப் போவதை நம் வீடுகளில் யாரும் விலை என்று எழுதுவதில்லை. நான் போனால் மட்டும், "அவர் என்ன செய்வார் பாவம்" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்காகவே போய்விடலாம் என்று சில இரவுகளில் தோன்றியதும் உண்மை.

அவர் என்னிடம் சொல்லாமலேயே மியூச்சுவல் தேடியிருக்கிறார். இதற்கென்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. மும்பையின் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் கிடைத்துவிட்டார். சொந்த ஊர் வில்லிவாக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸில் தண்ணீர் எப்படி வருகிறது, கொளத்தூர் பள்ளிகளில் எங்கே இடம் கிடைக்கும், வில்லிவாக்கம் மெட்ரோ வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். நான் சும்மா இருக்க முடியாமல், "அங்கே பதவி உயர்வு வாய்ப்பு எப்படி?" என்று குறுக்கே கேட்டேன். "நன்றாக இருக்கிறது அக்கா. அடுத்த பட்டியலில் என் பெயர் வந்துவிடும். அங்கே வந்தால் என் தேதிக்கு முன்னால் நிறையப் பேர் நிற்பார்கள், நான்கைந்து வருடம் பின்னால் போகும்" என்றார். "பிறகு ஏன் வருகிறீர்கள்?" "அம்மா தனியாக இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், பரவாயில்லை."

அந்த உரையாடலை வீட்டில் சொன்னவுடன் எல்லாரும் அதைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். பார், அவனே திரும்பி வருகிறான், சொந்த ஊர் சொந்த ஊர்தான் என்றார் அத்தை. எனக்கு அப்படிப் படவில்லை. அவருக்கு வில்லிவாக்கம் சொர்க்கம் என்று அவர் சொல்லவேயில்லை. அம்மா நாக்பூரில் இருந்திருந்தால் நாக்பூருக்கு மியூச்சுவல் தேடியிருப்பார். என்னைப் பிடித்து நிறுத்தியது, அவர் தன் நஷ்டத்தை எவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பது. நான்கைந்து வருடம் போகும், அது இதற்காக, சரி. அவ்வளவுதான். நான் வாங்கப்போகும் பொருளின் பெயர்கூட எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பதவி என்று சொல்கிறார்களே, அதில் எது என்னோடு வரும், எது அந்த நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும்?

மறுநாள் மேலாளரிடம் கேட்டேன். இதே பொறுப்பை லிங்கிச் செட்டித் தெருவில் உட்கார்ந்து செய்தால் எது நடக்காது? அவர் நேர்மையான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்து, "எதுவும் நடக்காமல் போகாது அம்மா. ஆனால் முதலாளி பேலாப்பூரில் இருக்கிறார். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அவர் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்" என்றார். நாளைக்கு முதலாளி வேறு யாரையாவது கண்ணெதிரே உட்காரவைத்தால்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை; சொல்லவும் தேவையில்லை.

எங்கள் தொழிலில் வேறு ஓர் ஏணி இருக்கிறது. ஜி கார்டோடு இரண்டு ஆண்டு அனுபவம் உள்ள பட்டதாரி, கஸ்டம்ஸ் புரோக்கர் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் எஃப் கார்டு. கடினமான தேர்வு, சுங்கச் சட்டம், தீர்வைப் பட்டியல், இறக்குமதிக் கொள்கை, அறிவிக்கைகள் என்று கடல் போலப் படிக்க வேண்டும். 2018 விதிகளின்படி, ஓர் இடத்தில் உரிமம் வாங்கியவர் முறைப்படி தகவல் கொடுத்துவிட்டு நாட்டின் எந்தச் சுங்க நிலையத்திலும் தொழில் செய்யலாம். உரிமம் யார் கண்ணெதிரே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சென்னையின் கண்டெய்னர்களும் இப்போது காட்டுப்பள்ளி, எண்ணூர் என்று வடக்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. பாரிமுனைக்குப் போய்க்கொண்டிருந்த தொழில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. இந்தத் தேர்வை நான் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன் என்பதும், பேலாப்பூர் போனால் இன்னும் தள்ளிப்போகும் என்பதும் கணக்கில் வந்தன. பேலாப்பூரில் கொடுப்பது ஒரு நாற்காலி. அதற்கு என் கணவரின் சீனியாரிட்டியும் என் படிக்கும் நேரமும் விலை என்றால், எனக்கு அது கட்டுப்படியாகவில்லை. அதே நிறுவனம் அந்த நாற்காலிக்குப் பதில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் நான் மூட்டை கட்டியிருப்பேன், மார்கழி மூச்சிரைப்பையும் சேர்த்துக் காரணமாகச் சொல்லியிருப்பேன். மின்னஞ்சலில் நான்கு வரிகளில் மறுப்பை எழுதினேன். குடும்பச் சூழ்நிலை என்று எழுதிவிடு, அதுதான் மரியாதை என்றார்கள் அலுவலகத்தில். எழுதவில்லை. சொன்ன நிபந்தனைகள் எனக்கு ஒத்துவரவில்லை என்று எழுதினேன்.

என்னைவிட ஜூனியரான பையன் ஒருவன் போனான். இப்போது வாராந்திரக் கூட்டத்தில் திரையில் அவன்தான் எனக்கு மேலே. முதல் சில வாரங்கள் வயிறு எரிந்தது. இப்போதும் அவன் என் வேலையில் திருத்தம் சொல்லும் நாட்களில் எரிகிறது. "போகாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று" என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லச் சொல்லிக் கேட்பவர்கள்தான் அதிகம். மெட்ரோவில் மண்ணடி போகும்வரை தீர்வைப் பட்டியலின் அத்தியாயங்களைப் படிக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, டி.என்.பி.எஸ்.சி.யா என்று கேட்கிறார்கள்.

மாட்டுங்காக்காரருக்கு வேறு மியூச்சுவல் கிடைத்துவிட்டது. ஐ.சி.எஃப்.பிலேயே வேறு ஷாப்பில் இருப்பவர். மனைவிக்கு மும்பையில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறதாம், சீனியாரிட்டி போனால் போகட்டும் என்று கிளம்புகிறார். அந்தச் செய்தியைச் சொல்லவும் கூடவே ஒரு வாடகை வீடு பார்த்துத் தரச் சொல்லவும் மாட்டுங்காக்காரர் கூப்பிட்டார். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் என் கணவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பது சட்டம். வீட்டுக்காரர்கள் பத்து மாதம் கேட்கிறார்கள். இவர் ஒவ்வொருவரிடமும் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லி, ஒவ்வொரு வீடாக இழந்துகொண்டிருக்கிறார். நிம்மதிதானே உங்களுக்கு, என்று கணவரைக் கேட்டேன். இல்லை என்றார். மாட்டுங்காவில் மதராசிக் கடைகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியலே போட்டுவைத்திருந்தாராம்.